‘உது’ எண்டால் எது, டீச்சர்?

சென்ற மாதம் வலயக் கல்வி அலுவலகத்தில் புதிதாக நியமனம் பெற்ற கணித ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். கணினித் திரையைக் குரலோடு சேர்த்துப் பதிவுசெய்து பாடம் தயாரிப்பது எப்படி என்பதுதான் பொருள். ஓய்வுபெற்றுப் புத்தூரில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறி விட்டுக்கொண்டிருந்த என்னையும் நல்லூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்னை அறிமுகம் செய்த அலுவலகத் தம்பி, டீச்சரின் வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் படத்தைப் பிழையில்லாமல் கீறலாம் என்று ஒலிவாங்கியில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்து தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அடக்கம் என் பரம்பரையிலேயே இல்லை. அது வெட்கம்.

கேள்வி நேரத்தில் ஒரு இளம் ஆசிரியை எழும்பி, இப்படிக் கதைக்க எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டாள். செய்யச் செய்ய வரும் என்று மழுப்பிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளை அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. பயிற்சி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அன்று அவளுக்குச் சொல்லாத பதிலை இதில் எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக் கலாசாலையில் படித்தவற்றில் பெரும்பாலானவை மறந்துபோயின. மறக்காதது ஒன்று. பிள்ளைகளுக்கும் கரும்பலகைக்கும் நடுவில் நிற்காதே, கையில் ஒரு தடி வைத்திரு, எதைச் சொல்கிறாயோ அதைத் தொட்டுக் காட்டு என்பார்கள். எனக்கு அது வேதமாகிவிட்டது. கேத்திரகணிதம் என்றால் எனக்கு உயிர். பலகையில் ஒரு வட்டத்தைக் கீறிவிட்டு, தடியால் தட்டித் தட்டி, “இந்தக் கோணம், உந்தக் கோணத்தின்ரை இரண்டு மடங்கு. அந்த நாணைப் பார்” என்று சொல்லிக்கொண்டு போவேன். எங்கள் ஊரில் இதற்கும் அதற்கும் நடுவில் ஓர் உது இருப்பது எவ்வளவு வசதி. எனக்குக் கிட்ட இருப்பது இது. உனக்குக் கிட்ட இருப்பது உது. இருவருக்கும் தூரத்தில் இருப்பது அது. ஒரு தடியும் இந்த மூன்று சொற்களும் இருந்தால் பாடப்புத்தகத்திலுள்ள எந்தத் தேற்றத்தையும் நிறுவிவிடலாம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. பெறுபேறுகளும் நன்றாக வந்தன. அதனால் என் வாயும் கொஞ்சம் நீண்டது.

பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலைகளைப் பூட்டியபோது நான் ஓய்வுக்குக் கிட்ட நின்றேன். மயிலிட்டிப் பக்கம் ஒரு பாடசாலையில் பதினோராம் வகுப்புக்குக் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வயதுக்காரர் பலர் பாடக்குறிப்பைப் படம் எடுத்து வைபரில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மடிக்கணினியில் திரையைப் பதிவுசெய்யும் செயலி ஒன்றை இறக்கினேன். படங்களைத் திரையில் போட்டு, காதில் ஒலிவாங்கியை மாட்டி, சத்தம் விழக்கூடாது என்று விசிறியையும் நிறுத்தி, கதவையும் சாத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்கக் கற்பித்தேன். தடிக்குப் பதிலாக மவுஸ். திரையில் ஓடும் அந்தச் சிறிய அம்புக்குறியால் கோணத்தைத் தொட்டு, நாணின் வழியே ஓட்டி, மையத்தைச் சுற்றிக் காட்டினேன். இது, உது, அது எல்லாம் பழையபடி நாக்கில் வந்து விழுந்தன. முடிந்ததும் நேரே வகுப்புக் குழுவுக்கு அனுப்பிவிடுவேன்.

ஒன்றையாவது முழுதாகப் போட்டுப் பார்க்கவில்லை. என் குரலை நானே கேட்க எனக்குக் கூசும். ஒருமுறை தொடக்கத்தை மட்டும் கேட்டேன். மூக்கால் கதைக்கும் யாரோ ஒரு கிழவியின் குரலாக இருந்தது. உடனே நிறுத்திவிட்டேன். போட்டுப் பார்க்கவேண்டிய தேவையும் இருப்பதாகத் தெரியவில்லை. அனுப்பிச் சிறிது நேரத்திலேயே பிள்ளைகளின் பதில்கள் வரிசையாக வரும். “விளங்கினது டீச்சர்.” பக்கத்தில் கூப்பிய கை. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிப்பது எனக்கு ஒரு சுகமாக இருந்தது.

ஒரு பிள்ளை மட்டும் கேள்வி கேட்டது. பெயர் ஜெனிற்றா. தகப்பன் கடலுக்குப் போகிறவர். குழுவில் இருந்தது தாயின் போன். வகுப்பில் முன்வாங்கில் இருப்பாள். கெட்டிக்காரி என்று சொல்லமுடியாது, ஆனால் விளங்காததை விளங்கியது என்று சொல்லாத பிள்ளை. உயர்தரம் படிக்கவேண்டும் என்பதில் ஒற்றைக் காலில் நின்றவள். அவர்கள் வீட்டில் அதுவரை யாரும் அந்தப் படியைத் தாண்டவில்லை. பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரச் சோதினையில் கணிதம் கோட்டை விட்டால் அந்த ஆசை அதோடு சரி. கேத்திரகணிதம்தான் அவளுக்கு இடறும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் ஒரு குரல் செய்தி போட்டாள்.

“டீச்சர், உது உது எண்டு சொல்லுறியள். உது எண்டால் எது, டீச்சர்? எனக்கு உதிலை ஒண்டும் ஓடுறது தெரியேல்லை.”

நான் அப்போது அடுத்த பாடத்துக்குப் படம் கீறிக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் கைகூப்பியிருக்க இவளுக்கு மட்டும் என்ன என்று எரிச்சல் வந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். குழுவிலேயே குரலில் பதில் போட்டேன்.

“பிள்ளை, அம்புக்குறி கண்ணுக்கு முன்னாலை ஓடித்திரியுது. மற்ற எல்லாருக்கும் விளங்கியிருக்கு. உமக்கு மட்டும் தெரியேல்லை எண்டால் கண்ணைக் கொண்டுபோய்க் காட்டும்.”

அவளிடமிருந்து “சரி டீச்சர்” என்று எழுத்தில் வந்தது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. குழுவில் இருந்தவை எல்லாம் தாய் தகப்பனின் போன்கள் என்பதும், என் குரல் அன்று அத்தனை வீட்டுக் குசினியிலும் கேட்டிருக்கும் என்பதும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஒரு பிள்ளையைத் திருத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, வலயத்தில் நல்ல பதிவுகளைச் சேர்த்து எல்லாப் பாடசாலைகளுக்கும் கொடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. தெரிவுசெய்யும் பொறுப்பு கணிதத்துக்கான உதவிக் கல்விப் பணிப்பாளர் அருளம்பலம் சேரிடம். நான் என் பதிவுகளைப் பென்டிரைவில் போட்டு, இஸ்திரி போட்ட சேலையும் முகக்கவசமுமாகப் போய் நின்றேன். பரிசு வாங்கப் போகிறவளின் நடை அது. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அருளம்பலம் சேர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதற்கும் “நல்லது” என்பார். யாருடைய பாடத்தையாவது பிழை என்று சொல்வதற்கும் “நல்லது” என்றுதான் தொடங்குவார். ஆசிரியர்கள் அவரிடம் நடுங்கியது அந்த நல்லதுக்குத்தான். பதிவுகளைப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் கதிரையைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி இருப்பார். மடியில் ஒரு மட்டை, மட்டையில் ஒரு வெள்ளைத்தாள், கையில் பென்சில். ஆசிரியர்தான் பதிவை ஓடவிடவேண்டும். குரலை மட்டும் கேட்டு, கேட்டபடி படத்தைக் கீறுவார். இரண்டாவது தடவை கதிரையைத் திரைப்பக்கம் திருப்பி, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்ப்பார். மூன்றாவது தடவைதான் சத்தமும் படமும் சேர்த்து. முதல் இரண்டும் சரிவராவிட்டால் மூன்றாவது கிடையாது.

என் முறை வந்தது. ஒரு வில் மையத்தில் எதிரமைக்கும் கோணம் பற்றிய தேற்றத்தை ஓடவிட்டேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். நான் திரையை விட்டுவிட்டு அவருடைய பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். “வட்டம் ஒண்டு இருக்கு” என்றது என் குரல். அவர் ஒரு வட்டம் கீறினார். “இந்தப் புள்ளியிலையிருந்து உந்தப் புள்ளிக்கு ஒரு கோடு. உந்தப் பக்கமும் அப்பிடித்தான். இப்ப இந்தக் கோணத்தையும் உந்தக் கோணத்தையும் பாருங்கோ. இது உதின்ரை இரண்டு மடங்கு.” பென்சில் தாளுக்கு மேலே நின்றது. குரல் சொல்லிக்கொண்டே போனது. பென்சில் கீழே வரவில்லை. பாடம் முடிந்தபோது அவருடைய தாளில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

“நல்லது” என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“டீச்சர், இது எண்டால் உங்களுக்குக் கிட்ட இருக்கிறது. உது எண்டால் எனக்குக் கிட்ட இருக்கிறது. நீங்கள் புத்தூரிலை, பிள்ளை மயிலிட்டியிலை. இந்தப் படம் ஆருக்குக் கிட்ட இருக்கு?”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. குரலில் இல்லாவிட்டாலும் அம்புக்குறியால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டியிருக்கிறேன், படத்தைப் பார்த்தால் தெரியும் என்றேன். அவர் கதிரையைத் திருப்பினார். சத்தத்தைக் குறைத்தார். நானும் பக்கத்தில் நின்று, என் பதிவை முதன்முதலாகப் பார்த்தேன்.

திரையில் வட்டம் வந்தது. அதற்குள் கோடுகள். அவ்வளவுதான். வட்டம் அப்படியே இருந்தது. சுவரில் மாட்டிய படம்போல ஆடாமல் அசையாமல் இருந்தது. “இப்ப வரும் சேர்” என்றேன். வரவில்லை. கொஞ்ச நேரம் போக இன்னொருமுறை “இப்ப வரும்” என்றேன். கீழே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் ஒன்றும் ஓடவில்லை. சேர் அவசரப்படாமல் கடைசிவரை பார்த்தார். பாதியில் நிறுத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு பக்கத்து மேசையில் இருந்த தம்பி காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்தச் செயலியின் அமைப்புகளுக்குள் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதில் சரி அடையாளம் போட்டால்தான் அம்புக்குறியும் பதிவாகும். நான் அந்தப் பக்கமே போனதில்லை. என் கண்ணுக்கு முன்னால் ஓடித்திரிந்த அம்புக்குறி என் மேசையை விட்டு வெளியே போகவே இல்லை. நான் அனுப்பிய அத்தனை பாடத்திலும் ஓர் அசையாத படமும், இது உது என்று அலட்டும் ஒரு மூக்குக் குரலும்தான் இருந்தன.

சேர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கேட்டது ஒன்றுதான்.

“பிள்ளையள் ஆரும் கேக்கேல்லையே, டீச்சர்?”

“இல்லை சேர்” என்றேன்.

அந்தப் பொய் வாயிலிருந்து எவ்வளவு சுகமாக வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. படி இறங்கும்போதுதான் ஜெனிற்றாவின் குரல் காதில் கேட்டது. உது எண்டால் எது, டீச்சர்? முழு வகுப்பிலும் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான். அந்த ஒன்றின் வாயைத்தான் நான் அடைத்தேன்.

தாயின் போனுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. அடுத்த நாள் ஸ்கூட்டியில் மயிலிட்டிக்குப் போனேன். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு, சுவர்கள் இன்னும் பூச்சுப் பூசாமல் இருந்தன. தாய் முற்றத்தில் சீமெந்துக் கல்லுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வார்த்தைகளைத் தொடங்குவதற்கு முன்னரே அவர் தொடங்கிவிட்டார்.

“உங்களைத்தான் டீச்சர் நினைச்சுக்கொண்டிருந்தனான். நீங்கள் சொன்னபடியாத்தான் தெரியவந்தது. இல்லாட்டிப் பிள்ளையின்ரை கண் இப்பிடிப் போறது எங்களுக்கு ஆர் சொல்லுறது?”

எனக்கு விளங்கவில்லை. அப்போது ஜெனிற்றா உள்ளேயிருந்து வந்தாள். கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. அது அவளுடைய முகத்துக்குப் பெரிதாக இருந்தது.

தாய் எல்லாவற்றையும் சொன்னார். என் குரல் செய்தியைத் தாயும் மகளும் சேர்ந்துதான் கேட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அம்புக்குறி தெரிகிறது, இவளுக்குத் தெரியவில்லை. வகுப்புச் சிநேகிதி நிரோசாவை அழைத்துக் கேட்டிருக்கிறாள். தெரிகிறது என்று நிரோசா சொல்லியிருக்கிறாள். டீச்சரும் கண்ணைக் காட்டச் சொல்கிறா. பஸ் ஓடத் தொடங்கியதும் யாழ்ப்பாணம் ரவுணுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கடையில் காட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இவள்தான், இல்லை, அம்புக்குறி தெரியவில்லை என்று அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். பிறகு அவர் மெல்லிய பவரில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாராம்.

“கண்ணாடி போட்டும் தெரியேல்லையாம், டீச்சர். அதுதான் பயமாக் கிடக்கு. ஆசுப்பத்திரியிலை பெரிய டொக்டருக்குக் காட்டத் துண்டு எடுத்திருக்கிறம். இவள் படக் கணக்குகளைத் தொடுறதேயில்லை. சோதினைக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள்.”

நான் எதையோ பேருக்குச் சொல்லி முடித்துவிட்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டு போனவள். தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு நல்ல சொல் தயாராக வைத்திருந்தேன். அந்தக் கண்ணாடியைக் கண்ட பிறகு அந்தச் சொல் வாயில் வரவில்லை. என் நக்கல் கதையை அவர்கள் நக்கல் என்றே எடுக்கவில்லை. டீச்சர் சொல்கிறா என்றால் அக்கறையில் சொல்கிறா என்று எடுத்து, கண்ணைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை தன் இரண்டு கண்ணையும்விட என் வாயை நம்பியிருக்கிறது.

“ஜெனிற்றா, உம்மடை கண்ணிலை ஒரு பிழையுமில்லை” என்றேன். “அம்புக்குறி அதுக்குள்ளை இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. நான் அதைப் பதியாமல் விட்டிட்டன். ஒருக்காக்கூடப் போட்டுப் பாக்காமல் உம்மை ஏசினனான். பிழை என்னிலை.”

தாய் நம்பவில்லை. பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று டீச்சர் இப்படிச் சொல்கிறா என்று நினைத்து, பரவாயில்லை டீச்சர், கண்ணில் வருத்தம் என்றால் வருத்தம்தானே, மறைத்து என்ன செய்வது என்று என்னைத் தேற்றத் தொடங்கினார். அந்த நிமிடத்தில் பூமி பிளந்தால் இறங்கிப் போயிருப்பேன். போனை வாங்கி என் பாடத்தை ஓடவிட்டேன். மூன்று பேரும் முற்றத்தில் நின்று, அசையாத வட்டத்தைப் பார்த்தோம். என் குரல் இது, உது என்றது. ஜெனிற்றா முதலில் கண்ணாடியோடு பார்த்தாள். பிறகு அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“அப்ப நிரோசா தெரியுது எண்டு சொன்னவளே?” என்றாள்.

“அவளுக்கும் தெரிஞ்சிருக்காது.”

“எல்லாரும் விளங்கினது எண்டு போட்டவை.”

என் வகுப்பில் விளங்கவில்லை என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்பதை நான்தான் அந்தக் குரல் செய்தியில் எல்லாருக்கும் கற்பித்திருந்தேன். எத்தனை பாடம் எடுத்தேனோ, பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது அந்த ஒன்றுதான்.

அவளை ஏசிய இடத்திலேயே இதையும் சொல்லவேண்டும் என்று, அந்த முற்றத்தில் நின்றபடி குழுவில் குரலில் போட்டேன். அம்புக்குறி பதிவாகவில்லை, ஜெனிற்றா சொன்னதுதான் சரி, அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன், பழைய பாடங்களை எல்லாரும் அழித்துவிடுங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. முதலாவது நிரோசா. “விளங்கினது டீச்சர்.” பக்கத்தில் கூப்பிய கை. அதன் கீழே இன்னொரு கை, அதன் கீழே இன்னொன்று. ஜெனிற்றா அதைப் பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிக்கமுடியவில்லை.

அருளம்பலம் சேரிடமும் போய், கேட்ட பிள்ளை ஒன்று இருந்தது என்று சொன்னேன். “நல்லது” என்றார். பிறகு, அந்தப் பிள்ளையைக் கொண்டே உங்கள் பாடங்களைச் சரிபாருங்கள் என்றார்.

இனிச் சொல்வதுதான் அந்த இளம் ஆசிரியைக்கான பதில். பதிவு செய்வதற்கு முன் மத்தியானத்தில் ஜெனிற்றாவை அழைப்பேன். படம் எதுவும் அனுப்பமாட்டேன். வாயால் மட்டும் சொல்வேன். அவள் கேட்டுக் கேட்டுக் கீறி, கீறியதைப் படம் எடுத்து அனுப்புவாள். அவளுடைய படம் பிழைத்தால் என் பேச்சுப் பிழை. முதல் நாள் அவள் அனுப்பிய படத்தில் புள்ளி ஓ வட்டத்துக்கு வெளியே இருந்தது. ஓதான் மையம் என்று நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த தடவை இப்படிச் சொன்னேன். “மையம் ஓ. பரிதியின் உச்சியில் ஏ. கீழே இடப்பக்கம் பீ, வலப்பக்கம் சீ. ஓவிலிருந்து பீக்கும் சீக்கும் கோடு கீறுங்கள். ஏயிலிருந்தும் பீக்கும் சீக்கும் கீறுங்கள். கோணம் பீ ஓ சீ, கோணம் பீ ஏ சீயின் இரு மடங்கு.” இவ்வளவுதான். இதைச் சொல்லவே முதலில் எனக்கு நாக்கு வளையவில்லை. பேசிக்கொண்டு போகும்போது பழக்கதோசத்தில் சறுக்கும். உடனே அந்தப் பக்கத்திலிருந்து, “டீச்சர், உது எண்டிட்டியள்” என்று வரும். திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன். நாங்கள் இருவரும் இப்படித்தான் முழுக் கேத்திரகணிதத்தையும் முடித்தோம். அவள் சோதினைக்குப் போனாள். கணிதத்தில் சீ தரச் சித்தி எடுத்து உயர்தரத்துக்கும் போனாள்.

அந்தப் பதிவுகளைத்தான் வலயம் எல்லாப் பாடசாலைகளுக்கும் கொடுத்தது. புத்தூர்ச் சந்தையில் குரலை வைத்து என்னை அடையாளம் கண்டவர்கள் இருக்கிறார்கள். கண்ணை மூடினாலும் விளங்குது டீச்சர் என்பார்கள். கண் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தக் கறுப்புச் சட்டம்தான் ஞாபகம் வரும். இன்னொன்றும் உறுத்தும். தடியோடு நான் நின்ற அத்தனை வருடமும் கடைசி வாங்கில், முன்னால் இருப்பவனின் தலை மறைக்க, என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு எத்தனை பிள்ளைகள் வெறும் வட்டத்தைக் கீறிவிட்டு இருந்தார்களோ! அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை.

சென்ற மாதப் பயிற்சி முடிந்து, நல்லூரில் பருத்தித்துறை வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு ஸ்கூட்டி வந்து பக்கத்தில் நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றியபோதுதான் யாரென்று தெரிந்தது. ஜெனிற்றா. இங்கே ஒரு தனியார் கல்வி நிலையத்தின் அலுவலகத்தில் வேலையாம். வளர்ந்து, வடிவாக இருந்தாள். முகத்தில் கண்ணாடி. சட்டம் புதிது, முகத்துக்கு அளவானது.

கண்ணில் உண்மையாகவே ஏதும் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

“இல்லை டீச்சர். இதிலை பவரே இல்லை. சும்மா கண்ணாடி.”

“பிறகேன் பிள்ளை போட்டிருக்கிறீர்?”

அவள் சிரித்தாள். என்னை நோகடிக்கும் எண்ணம் அவளிடம் துளியும் இல்லை.

“போடாட்டி ஒருமாதிரிக் கிடக்கும் டீச்சர். மற்ற ஆக்களுக்குத் தெரியிறது ஏதோ எனக்கு மட்டும் தெரியேல்லையோ எண்டு நெஞ்சு அடிக்கும். பழகிப்போச்சு.”

அதற்குமேல் அவள் வேறு கதைகள் கதைத்தாள். தாய்க்குச் சுகம், வீடு பூச்சுப் பூசியாயிற்று. நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கும் இப்போது தூரம் சரியாகப் பிடிபடுவதில்லை. கண்ணில் பூ விழத் தொடங்கியிருக்கிறது, சத்திரசிகிச்சைக்குத் தவணை எடுக்கவேண்டும். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கதைத்துக்கொண்டிருந்தவள் வீதியைத் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“உந்தா உங்கடை பஸ் வருது. தெரியுதே, டீச்சர்?”

கோயில் பக்கத்திலிருந்து சிவப்பாக ஏதோ அசைந்து வந்தது. பஸ்ஸோ லொறியோ எனக்குத் தெரியவில்லை.

“ஓம் பிள்ளை, தெரியுது” என்றேன்.